பால்கியும் லாரியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், குடியேறிகளை வைத்துச் சிரிக்க வைத்த தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதுகையில் ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொடரை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோனேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பலர் எழுதியிருப்பதால், இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அத்தொடருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. கதை என்ன, நடித்தவர்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: ஏபிசி நிறுவனம் 1986 மார்ச் மாதம் தொடங்கி 1993 ஆகஸ்ட் வரை, எட்டுப் பருவங்களில் 150 அங்கங்களாக ஒளிபரப்பிய தொடர் அது. விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் ஒரு பெரிய குடும்பத்தில் வளர்ந்த லாரி ஆப்பிள்டன், பத்திரிகைப் புகைப்படக்காரராகும் கனவோடு சிக்காகோவுக்கு வந்து, வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்கென்று ஒரு வீடு எடுத்துத் தங்குகிறான். அந்தத் தனிமையை அவன் சரியாக அனுபவிக்கத் தொடங்குவதற்குள், மத்தியதரைக் கடலில் உள்ள மைப்போஸ் என்னும் கற்பனைத் தீவிலிருந்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பால்கி பார்ட்டகோமஸ் தூரத்து உறவு முறை சொல்லிக்கொண்டு மூட்டை முடிச்சுடன் வாசலில் வந்து நிற்கிறான். லாரியாக மார்க் லின்-பேக்கரும், பால்கியாக பிரான்சன் பின்ஷோவும் நடித்தார்கள். ஒளிபரப்பாகாத முதல் முன்னோட்ட அங்கத்தில் பால்கியின் உறவினராக நடித்தவர் லூயி ஆண்டர்சன். பிறகுதான் லின்-பேக்கர் அந்த இடத்துக்கு வந்தார். பின்ஷோ 1984ஆம் ஆண்டின் ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ படத்தில், எந்த நாட்டு உச்சரிப்பு என்றே பிடிபடாத ஆங்கிலம் பேசும் கலைக்கூட ஊழியராகச் சில நிமிடங்கள் வந்து பெயர் வாங்கியிருந்தார். பால்கியின் பேச்சில் அந்த ஊழியரின் சாயல் கொஞ்சம் இருக்கும்.

கேள்வி: யூடியூபில் சில துணுக்குகளைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்த என் பேரனோ, “வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் அறியாமையைப் பார்த்துச் சிரிப்பது சரியா, பாட்டி?” என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து சிரிப்பு வந்தாலும் மனம் உறுத்துகிறது. நான் சிரிக்கலாமா, கூடாதா?
– ஒரு பாட்டி, தோ பாயோ

பதில்: சிரிக்கலாம் அம்மா. உங்கள் பேரனின் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அந்தத் தொடரில் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை அவர் இன்னும் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம்.

பால்கிக்கு அமெரிக்கா புரிவதில்லை என்பது உண்மைதான். மரபுத்தொடர்களைத் தலைகீழாக்கிப் பேசுகிறான், விளம்பரம் சொல்வதை அப்படியே நம்புகிறான், முன்பின் தெரியாதவர்களிடம் ஊர்க்காரர்களைப் போல உறவு கொண்டாடுகிறான். ஆனால் ஓர் அங்கத்தின் கதை எங்கே முடிச்சு விழுகிறது என்று பார்த்தால், அநேகமாக அது லாரியின் பயத்தில்தான் விழும். மேலாளரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும், தான் விரும்பும் பெண்ணுக்குத் தன்னைப் பெரிய ஆளாகக் காட்ட வேண்டும், நாலு காசு சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்ற தவிப்பில் அவன் ஒரு சிறு பொய் சொல்கிறான் அல்லது குறுக்கு வழி ஒன்றைத் திட்டமிடுகிறான். அதைக் காப்பாற்றும் பொறுப்பைப் பொய்யே சொல்லத் தெரியாத பால்கியின் தலையில் கட்டுகிறான். இருபத்திரண்டு நிமிடங்களுக்குள் எல்லாம் இடிந்து விழுகிறது. பால்கியின் வெகுளித்தனம் அந்தத் தவிப்பை நமக்குத் தெரிய வைக்கும் கண்ணாடி, அவ்வளவுதான்.

லாரியும் அந்த ஊருக்குப் புதியவன் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொடக்க காலப் பெயர் வரிசைக் காட்சியில் இரண்டு புறப்பாடுகள் மாறி மாறிக் காட்டப்படும்: பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் கையசைக்க லாரி காரில் கிளம்புகிறான்; தீவு மக்கள் வழியனுப்ப பால்கி கிளம்பி, கப்பலில் சுதந்திர தேவி சிலையைக் கடந்து வருகிறான். இருவருக்கும் சிக்காகோ அந்நிய ஊர்தான். ஒருவன் அதை ஒளித்து வைக்கிறான், மற்றவனுக்கு ஒளிக்கத் தெரியாது. மேடிசனிலிருந்து சிக்காகோவுக்குக் காரில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதை நினைத்துக்கொண்டால், லாரியின் பதற்றம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு பேரனின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மைப்போஸ் என்று ஒரு தீவே கிடையாது என்பதால் எழுத்தாளர்களுக்கு வசதி அதிகம்: எந்த விசித்திர வழக்கத்தை வேண்டுமானாலும் அந்தத் தீவின் மேல் ஏற்றலாம், கோபித்துக்கொண்டு கடிதம் எழுத அந்நாட்டுத் தூதரகம் ஒன்று இருக்காது. கிரேக்கத்துக்கு அருகில் என்று ஜாடை காட்டிவிட்டு, கிரேக்கர்களைச் சொல்லவில்லை என்று தப்பித்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலேயே பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் படித்த நடிகர் ஒருவர் இட்டுக்கட்டிய உச்சரிப்பில் பேசுவதைத்தான் நாம் குடியேறியின் குரலாகக் கேட்கிறோம். அதைவிட எனக்குப் பெரிய குறையாகப்படுவது, உண்மையான குடியேறியின் அன்றாடக் கவலைகள் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நின்றுவிடுவதுதான். இனத்தைக் காரணம் காட்டி வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்லப்பட்ட அனுபவம் நம் சிங்கப்பூரிலும் பலருக்கு உண்டு. பால்கிக்கோ, வந்து இறங்கிய அன்றே உறவுக்காரன் வீட்டில் இடம் கிடைத்துவிடுகிறது.

அப்படி உறவையும் ஊரையும் நம்பி வந்து இறங்குவது நமக்கும் புதிதல்ல. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (வட்டித் தொழில் நடந்த கூடங்களில்) செட்டியார்கள் ஒரே கூரையின் கீழ் பெட்டியடி வைத்துத் தொழில் செய்து, அங்கேயே படுத்து எழுந்த காலத்தில், ஊரிலிருந்து புதிதாக வரும் பையன் முன்பே வந்தவரின் நிழலில்தான் நகரத்தைக் கற்றுக்கொண்டான். பால்கிக்கு லாரி அந்த மூத்தவரின் இடத்தில் இருக்கிறான். வித்தியாசம், லாரிக்கே நகரம் தெரியாது.

கேள்வி: ‘மைண்ட் யுவர் லேங்குவேஜ்’ போன்றதுதானே இதுவும்?
– ஒரு வாசகர், அங் மோ கியோ

பதில்: இல்லை. 1977இல் பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கிய அந்தத் தொடரில், ஆங்கிலம் கற்க வந்த ஒரு வகுப்பறை முழுவதும் பல நாட்டு மாணவர்கள். ஒவ்வொருவரும் தத்தம் நாட்டைப் பற்றி ஆங்கிலேயர்கள் வைத்திருந்த ஒற்றை எண்ணத்தின் உருவம். அவர்கள் மாறுவதே இல்லை. மாறினால் நகைச்சுவை நின்றுவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே 1979இல் அது நிறுத்தப்பட்டதற்கு, இனச் சித்திரிப்பைப் பற்றி நிறுவனத்தின் உயரதிகாரிக்கு இருந்த சங்கடமே காரணமாகச் சொல்லப்பட்டது. நம் வட்டாரத்தில் அதற்கு இன்றும் ரசிகர்கள் இருப்பதை அறிவேன், அவர்களோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் பால்கி மாறுகிறான்: தள்ளுபடிக் கடை ஊழியனாகத் தொடங்கி, மூன்றாம் பருவத்திலிருந்து ‘சிக்காகோ கிரானிக்கிள்’ என்னும் கற்பனை நாளிதழின் அஞ்சல் பிரிவில் வேலை பார்க்கிறான், படிக்கிறான், காதலித்துத் திருமணம் செய்துகொள்கிறான்.

கேள்வி: அத்தொடரின் நடிகர்கள் அனைவரும் ஒரே நாளில் காணாமல் போய்விட்டார்கள் என்று என் மகள் எங்கோ பார்த்ததாகச் சொல்கிறாள். உண்மையா?
– ஒரு வாசகி, பொங்கோல்

பதில்: உங்கள் மகள் பார்த்தது ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’ என்னும் எச்பிஓ தொடராக இருக்க வேண்டும். உலக மக்களில் இரண்டு விழுக்காட்டினர் ஒரே கணத்தில் மறைந்துபோவதாக 2014இல் தொடங்கிய அந்தக் கதையில், மறைந்தவர்களுள் ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ நடிகர்களும் அடக்கம் என்று ஒரு வேடிக்கையான செய்தி வரும். பின்னர் மார்க் லின்-பேக்கர், மறையாமல் தனித்து விடப்பட்ட மார்க் லின்-பேக்கராகவே அதில் தோன்றினார். லாரியாக அவர் எட்டுப் பருவங்கள் சுமந்த பதற்றம் அங்கே துக்கமாக மாறியிருப்பதைக் கண்டு எனக்கு வியப்பு நீங்க வெகு நேரமாயிற்று.

கேள்வி: ‘ஃபேமிலி மேட்டர்ஸ்’ இதிலிருந்து கிளைத்தது என்கிறார்களே?
– ஒரு வாசகர், ஈசூன்

பதில்: ஆம். நாளிதழ் அலுவலகத்தில் மின்தூக்கி இயக்கும் ஹாரியட் வின்ஸ்லோ என்னும் பெண்மணியாக ஜோ மேரி பேட்டன் நடித்தார். லாரியையும் பால்கியையும் ஒரு சொல்லில் அடக்கிவிடும் அவருடைய வாய்த்துடுக்குக்குக் கிடைத்த வரவேற்பால், 1989இல் அவருடைய குடும்பத்தை மையமாக வைத்துத் தனித் தொடர் தொடங்கியது. அது 1998 வரை ஓடித் தாய்த் தொடரையே மிஞ்சிவிட்டது. வம்சாவளி பேசுகிறோம் என்பதால் இன்னொன்று: ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ தொடரை உருவாக்கிய டேல் மெக்ரேவன், வேற்றுக்கோளிலிருந்து வந்தவன் கொலராடோவில் ஒரு பெண்ணின் வீட்டில் தங்கும் ‘மோர்க் அண்ட் மிண்டி’யை 1978இல் உருவாக்கியவர்களுள் ஒருவர். வேற்றுக்கோளைத் தீவாக மாற்றினால் பால்கி கிடைத்துவிடுகிறான்.

கேள்வி: நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்பவர் புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்தவர். எங்களுக்குள் தினமும் ஒரு நாடகம் நடக்கிறது. இதே பாணியில் சிங்கப்பூர்த் தமிழ்த் தொடர் ஒன்று எழுத ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– ஓர் இளைஞர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: எழுதுங்கள். நம் தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் ஒளிவழி எடுத்துக்கொள்கிறதோ இல்லையோ, எழுதிப் பார்ப்பதில் நட்டமில்லை.

ஒட்டாத இருவரை ஒரே கூரையின் கீழ் அடைப்பது பழைய உத்தி. நீல் சைமன் 1965இல் மேடையேற்றிய ‘தி ஆட் கப்பிள்’ நாடகத்தில், சுத்தக்காரன் ஒருவனும் அலங்கோலக்காரன் ஒருவனும் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு அது திரைப்படமாகி, 1970 முதல் 1975 வரை தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது. அந்த உத்தி வெற்றி பெற வேண்டுமானால், இருவருக்கும் மற்றவர் தேவைப்பட வேண்டும். வெறும் முரண் நான்கு அங்கங்களுக்குமேல் தாங்காது. பால்கி இல்லாவிட்டால் லாரியின் பொய்களை மன்னிக்க ஆளில்லை. லாரி இல்லாவிட்டால் பால்கியின் மகிழ்ச்சி நடனத்தில் உடன் ஆடவும் ஆளில்லை.

உங்கள் நாடகத்தில் புதுக்கோட்டைக்காரரை மட்டும் வேடிக்கைப் பொருளாக்கிவிடாதீர்கள். அவருக்கு மொழி தெரியும், தொழில் தெரியும், கைப்பேசியில் உலகம் தெரியும். 1986இன் ஆட்டிடையனை அப்படியே கொண்டுவந்து நிறுத்தினால் யாரும் நம்பமாட்டார்கள். அவருக்குத் தெரியாமல் இருப்பது இந்த ஊரின் எழுதப்படாத விதிகள்தான். உணவங்காடி நிலையத்தில் மேசைமேல் கிடக்கும் டிஷ்யூ பொட்டலத்தை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்று நினைத்து, அதற்கு உரியவரைத் தேடிக் கடை கடையாக அவர் அலையலாம். அந்தக் காட்சியில் சிரிப்பு அவர்மேல் விழாது. பத்துக் காசு பெறாத பொட்டலத்தைக் காவலுக்கு வைத்து நான்கு பேர் அமரும் மேசையைப் பிடித்துக்கொள்ளும் நம்மேல்தான் விழும். அதே நிலையத்தில், 2021 செப்டம்பர் முதல் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள்மேல் நடவடிக்கை வந்தபிறகு, விதியென்றால் நடுங்கும் சிங்கப்பூர்ப் பிள்ளையாகிய நீங்கள் பக்கத்து மேசைத் தட்டுகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினால், அது அசல் லாரித்தனம்.

இன்னொன்று, நீங்கள் எழுதுவதில் உங்களை மிகவும் சங்கடப்படுத்தும் காட்சியைத் தவிர்க்காதீர்கள். அவர் பேசும் தமிழைக் கேட்டு உங்கள் பாட்டி உங்களைவிட அவரிடம் நெருங்கி உட்காரலாம். அவருக்கு வேலை அனுமதி நீட்டிக்கப்படுமா என்ற கவலை இருக்க, உங்களுக்கு அவருடைய வேலையைப் பற்றிய பொறாமை இருக்கலாம். மூல எழுத்தாளர்கள் பெரும்பாலும் தொடாத இடம் அதுதான். அங்கத்தின் கடைசி நிமிடத்தில் மெல்லிசை ஒலிக்க, லாரி மன்னிப்புக் கேட்க, எல்லாம் சரியாகிவிடும் பழக்கத்தையும் அவர்களிடமிருந்து வாங்க வேண்டாம். அந்தக் காட்சிகள்தாம் இன்று பார்க்க முடியாதபடி வயதாகிப்போயின.

கேள்வி: எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?
– ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முதல் பருவத்தில் ஆறே அங்கங்கள்தாம், ஒரு வார இறுதிக்குள் முடித்துவிடலாம். இரண்டாம் பருவத்தையும் வரிசையாகப் பார்த்துவிடுங்கள். நாளிதழ் அலுவலகக் காலத்தில், நேரம் கிடைத்தால், பால்கி தன் தீவின் பலகாரம் ஒன்றைச் செய்ய, லாரி அதை அவசர அவசரமாகப் பெருவணிகமாக்க முயலும் அங்கத்தைத் தேடிப் பாருங்கள். இருவரும் அடுப்படியில் உடலால் நடிக்கும் நடிப்புக்காகவே அதை நான் பரிந்துரைப்பேன். இருவரும் தத்தம் துணைகளோடு பெரிய வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு வரும் கடைசிப் பருவங்களை விட்டுவிடலாம். இடம் தாராளமாகிவிட்டதால், ஒருவரையொருவர் இடித்துக்கொள்ள அவர்களுக்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது.