வெயில் சரி, ஐப்பசி மழையைத் தாங்குமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. பிள்ளைகள் நில ஆமை கேட்கிறார்கள். நட்சத்திர ஆமை, சுல்காட்டா, செங்கால் ஆமை என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு எது தாங்கும்?

பதில்: வெயிலைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். கடலூர்ப் பக்கம் ஆமையைப் படுக்கப் போடுவது ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான்.

நம் மண்ணுக்கே உரியது நட்சத்திர ஆமை. ஆனால் அதைத் தொடவே கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வழக்கு நிரூபணமானால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. ‘பேப்பர் இருக்கு’ என்று விற்பவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சுல்காட்டா சஹாராவின் தெற்கு ஓரத்து ஆமை. வாங்கும்போது உள்ளங்கையில் உட்காரும். வளர்ந்தால் 40, 50 கிலோ. வளை தோண்டி உள்ளே படுக்கும் பழக்கம் அதற்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது உங்கள் தோப்பில் தண்ணீர் நின்றதை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த ஈரத்தில் கிடந்தால் மூக்கில் நுரை கட்டும், வாயைத் திறந்து மூச்சு விடும். வேண்டாம்.

என் ஓட்டு செங்கால் ஆமைக்கு. தென் அமெரிக்கக் காட்டோரத்து ஆமை. காற்றில் ஈரம் இருந்தால் அதற்குச் சந்தோஷம். ஓடு சுமார் ஓரடி. அதற்காகச் சேற்றில் விட்டுவிடாதீர்கள்: தரையைவிட ஓரடி மேடாகக் கொட்டகை, உள்ளே பலா இலைச் சருகு கனமாக. சித்திரை வெயிலுக்கு நிழலும் ஆழமில்லாத தண்ணீர்த் தட்டும் போதும். மார்கழி இரவுகளில் மட்டும் வீட்டுக்குள் எடுங்கள்.

தீனிக்கு முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, கொஞ்சம் பப்பாளி. சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை இருக்கவே இருக்கிறது, அதுதான் கணவாய் ஓடு; கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கி, உப்புப் போக இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். கரண்டியால் சுரண்டிக் கீரைமேல் தூவினால் ஆயிற்று. முந்திரி மரத்தடியில் மட்டும் மேயவிடாதீர்கள்: பச்சைக் கொட்டை ஓட்டின் எண்ணெய் வாயைப் புண்ணாக்கும், தேயிலைக் கொசு என்னும் முந்திரிப் பூச்சிக்கு அடித்த மருந்தும் புல்லில் இருக்கும்.

அப்புறம், செங்கால் ஆமையும் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளதுதான். 2024-ல் வந்த விதிப்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்பவர் தன் பதிவைக் காட்டத் தயங்கினால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.