மழையை மட்டும் எழுதினால் காணாது, தம்பி

கொழும்பில் குடியடர்த்தி ஏன் அதிகம் என்ற கேள்விக்கு "ஈரவலயம்" (மழை கூடிய பகுதி) என்று மட்டும் எழுதியதால் பாதிப் புள்ளிதான் கிடைத்தது என்றீர்கள், தம்பி. மழை காரணம்தான், ஆனால் இரத்தினபுரியிலும் கொட்டுகிறதே, அங்கே இந்த நெரிசல் இல்லை. துறைமுகத்தை முதலில் எழுதுங்கள். 1867இல் கண்டிவரை ரயில் ஓடத் தொடங்கியதும் மலைநாட்டுக் கோப்பி இங்கேதான் வந்து இறங்கியது. கப்பல் வேலை, கிட்டங்கி, வங்கி எல்லாம் கூடவே பெருகின. கொழும்பின் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் "தோட்டம்" என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளுக்குள் நடந்து பாருங்கள்: இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய ஒழுங்கைகள். துறைமுகத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம்.

2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு 3,438 பேர், முல்லைத்தீவில் 38. அதற்கும் உலர்வலயம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். போரும் இடப்பெயர்வும் சனத்தைக் கலைத்ததைக் கட்டாயம் சேருங்கள்.