மாவட்ட ஒதுக்கீடு யாருக்குப் போய்ச் சேர்கிறது?

கேள்வி: இசட் புள்ளி வந்ததும் மாவட்டங்களெல்லாம் சமமாகிவிட்டனவே, பல்கலைக்கழக அனுமதியில் இன்னும் எதற்கு மாவட்ட ஒதுக்கீடு? கூடிய புள்ளி எடுத்த கொழும்புப் பிள்ளை வீட்டில் இருக்க, குறைந்த புள்ளிக்கு நுவரெலியாப் பிள்ளை மருத்துவபீடம் போவது எந்த ஊர் நியாயம்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: இசட் புள்ளிக்கும் மாவட்டத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 2001 உயர்தரப் பரீட்சையிலிருந்து நடைமுறையில் உள்ள அந்தக் கணக்கில், பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் நாடளாவிய சராசரியைக் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுப்பார்கள்; பிறகு மூன்று பாடங்களுக்கும் சராசரி. இரசாயனவியல் தாள் கடினமாகவும் விவசாய விஞ்ஞானம் இலகுவாகவும் வந்தால் அந்த வித்தியாசத்தை அது ஈடுகட்டும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கு அதில் ஈடு கிடையாது.

மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் நூறு இடம் இருந்தால் 40 அகில இலங்கைத் திறமை வரிசைக்கு. 55ஐ 25 மாவட்டங்களும் சனத்தொகைப்படி பங்கிடும். மிச்சம் 5, பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு. (1970களில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றியமைத்த தரப்படுத்தலில் அடிபட்ட யாழ்ப்பாணமும் இன்று அந்தப் பட்டியலில்தான்.) 2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியாவில் இருப்பது நாட்டின் சனத்தொகையில் சுமார் 3.5 சதவீதம். 55இல் இரண்டு இடம்கூடத் தேறாது. 5இல் அரை இடம் வரலாம். உங்கள் கொழும்புக்கோ 55இல் மட்டுமே ஆறு இடம், அதற்கு மேல் 40இலும் பெரிய பாடசாலைப் பிள்ளைகள் முன்வரிசையில். அந்த இரண்டரை இடத்துக்கா இவ்வளவு வயிற்றெரிச்சல்?

என் குறை வேறு. அந்த இரண்டரையும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குப் போவது அரிது. தோட்டப் பாடசாலைகள் பல சாதாரண தரத்தோடு நின்றுவிடும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி வகைப் பாடசாலைக்கு ஹட்டனுக்கோ நுவரெலியா நகருக்கோ போக வேண்டும். பஸ் காசு, இல்லாவிட்டால் விடுதிக் காசு. போய்ச் சேர்ந்தாலும் அதே மாவட்டத்தில் கண்டிக்கு டியூஷன் போய்வர வசதியுள்ள நகரப் பிள்ளையோடுதான் போட்டி. பக்கத்து 1சி வகைப் பாடசாலை போதும் என்று இருந்தால் அங்கே கலையும் வர்த்தகமும்தான். கலைப்பீடத்துக்கு மாவட்டப் பங்கே இல்லை. அகில இலங்கைத் திறமை வரிசை மட்டும். ஆகக் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு ஒதுக்கீடு எட்டாமல் போவது இப்படித்தான்.

ஒதுக்கீட்டைத் தூக்கச் சொல்வதற்கு முன் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஹட்டன் வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். தமிழ்மொழி மூலம் உயர்தரப் பௌதிகவியல், இணைந்த கணிதம் கற்பிப்பவர் எத்தனை பேர், வெற்றிடம் எத்தனை என்று பாடசாலை வாரியாகக் கேளுங்கள். ‘ஆசிரியர் விபரம்’ என்று மொட்டையாகக் கேட்டால் வலயத்தின் மொத்தத் தொகையைத் தந்துவிடுவார்கள். நகரப் பாடசாலையில் கூடுதலாக இருப்பவர்கள் அதில் தோட்டத்து வெற்றிடத்தை மறைத்துவிடுவார்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லியாக வேண்டும்.