தாத்தாவின் துருப்பிடித்த மடக்குக் கத்தியைச் சரிசெய்ய முடியுமா?

கேட்டவரின் நிலைமை இது: தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த தாத்தாவின் மடக்குக் கத்தி, அலகில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர் முத்திரை, மஞ்சள் பிடி, பல வருடம் தகரப்பெட்டியில் கிடந்து திறக்கவே மாட்டேன் என்கிறது. வினிகரில் ஊறப்போடலாமா, இல்லை பட்டறையில் கொடுத்துச் சாணை பிடிக்கலாமா என்கிறார்.

இரண்டும் வேண்டாம். அதைவிட முக்கியம், இன்றைக்கு அதைத் திறக்கப் பார்க்காதீர்கள். பழைய மடக்குக் கத்தி பெரும்பாலும் துருவால் செத்துப்போவதில்லை, அவசரக்காரர்கள் கையில்தான் சாகிறது. அதில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். பால்மரத்தை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டு, நாங்கள் குடியிருந்த லயத்தையும் இடித்த பிறகு டவுனுக்கு வந்தோம். மூட்டை கட்டும்போது அப்பாவின் மடக்குக் கத்தி ஒன்று கிடைத்தது. எனக்கு அப்போது பொறுமை ஏது, நேராக ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் சுற்றுகிற சாணைக்கல்லில் வைத்து இரண்டே நிமிடத்தில் பளபளவென்று கையில் கொடுத்தார், காசுகூட வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால் முனையில் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம். அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாங்காய் வெட்டினேன், கூர் போய்விட்டது. திரும்பத் தீட்டினேன், திரும்பவும் போனது.

அந்த நீலம் என்னவென்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அலகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் இரும்பு கடினமாகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடியும் மெதுவாகச் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கிப் பதப்படுத்துவார்கள், அப்போது அது வைக்கோல் நிறம் காட்டும். 300 டிகிரியை நெருங்கினால் நீலம். நீலம் கண்ட இடம் ஸ்பிரிங்குக்குச் சரி, கூர் நிற்க வேண்டிய விளிம்புக்கு மிருதுவாகிவிட்டது என்று அர்த்தம். மெல்லிய விளிம்பில் சாணைக்கல் பட்டால் அந்தச் சூடு வர ஒரு சில விநாடி போதும். நீலத்தைத் தாண்டித் தேய்த்து எடுத்தால்தான் நல்ல இரும்பு கிடைக்கும், அதற்குள் கத்தி பாதியாகிவிடும்.

வினிகர் விஷயம். துருவைத் தின்னும், உண்மைதான். நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும். மூட்டுக்குள் போய்த் தங்கிவிட்டால் வெளியே கழுவினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். உங்கள் பிடி எலும்பாக இருந்தால் அமிலம் அதன் சுண்ணாம்புச் சத்தையும் கரைக்கும்.

மஞ்சள் பிடி என்றதும் எனக்கு இன்னொரு சந்தேகம், அது எலும்பா செல்லுலாய்டா? தந்தம் மாதிரியே தெரியும் செல்லுலாய்டுப் பிடி அந்தக் காலத்தில் நிறைய வந்தது. விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி மோந்து பாருங்கள், லேசாகச் சூடம் வாசம் வந்தால் செல்லுலாய்டு, அதைச் செய்வதே சூடம் சேர்த்துத்தான். நெருப்பு வைத்துச் சோதிக்கும் வேலையே வேண்டாம், குபீரென்று பிடித்துக்கொள்ளும். தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இரண்டும் அதைக் கரைத்துவிடும். புளித்த நெடி அடித்து, பிடி வெடித்து, பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் துரு அதிகமாக இருந்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும், தனியாக எடுத்து வையுங்கள்.

சரி, திறப்பதற்கு வருவோம். கத்தியை எதிலும் முழுக்க ஊறப்போடாமல், மூட்டில் மட்டும் மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு, மூட்டு மேல்பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்துவிட்டுப் போய் உங்கள் வேலையைப் பாருங்கள். மறுநாள் நாலு சொட்டு, அதற்கடுத்த நாளும் அப்படியே. அலகில் நகம் வைக்கும் பிறை மாதிரிப் பள்ளம் இருக்கும், குறட்டால் அதைப் பிடித்து இழுத்தால் அந்த இடத்திலேயே உடையும். ஒரு தோல் துண்டை மடித்து அலகைச் சுற்றிப் பிடித்து ஒரு மயிரளவு திறந்து, மூடி, திரும்ப ஒரு மயிரளவு. கறுப்புக் குழம்பு வெளியே வரும். துடைத்து எண்ணெய் விட்டு மறுபடியும் அசைக்க வேண்டும், துணியில் கறை வராத வரைக்கும். அப்பாவின் கத்திக்குள் பல்குச்சியை விட்டுச் சுரண்டியபோது புகையிலைத் தூளும், நூல் நூலாகக் காய்ந்த ஒட்டுப்பாலும் வந்தது. மண்ணெண்ணெயில் ரப்பர் ஊதித் தளரும் என்பதால் அது சுலபமாகக் கழன்றது.

நன்றாகத் திறந்து மூடும்போது பின்பக்க ஸ்பிரிங் 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லை, ஸ்பிரிங்கில் விரிசல் தெரிகிறது என்றால் அது கைதேர்ந்தவர் பார்க்க வேண்டிய வேலை. அலகு பக்கவாட்டில் ஆடினால் மட்டும் நீங்களே செய்யலாம்: மூட்டை ஒரு இரும்புக் கட்டையில் வைத்து, அலகு சுழலும் ஆணியின் தலையில் சின்னச் சுத்தியலால் பூப்போல் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் திறந்து பாருங்கள். ஒரு தட்டு கூடிப்போனால் இறுகிவிடும்.

துருவில் சிவப்பை மட்டும் எடுங்கள். சாம்பலும் கறுப்புமாகப் படிந்தது கெட்டதில்லை, அது இருந்தால் சிவப்புத் துரு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். துருப்பிடிக்காத எஃகு ஷெஃபீல்டில் 1913இல்தான் வந்தது, பிறகும் நெடுங்காலம் நல்ல கத்திகளைக் கார்பன் இரும்பிலேயே செய்தார்கள், அது நிறம் மாறத்தான் செய்யும். நான்கு சைபர் (0000) என்கிற மிக மெல்லிய இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். முத்திரை இருக்கும் இடத்தில் உப்புத்தாளைக் கொண்டுபோகவே கூடாது, தாத்தா எந்தக் கம்பெனிக் கத்தி வைத்திருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.

கூருக்கு ஆயிரம் நம்பர் தண்ணீர்க்கல், பக்கத்துக்கு 20 டிகிரி போல. நேராக நிறுத்திய கத்தியைப் பாதி சாய்த்து, அதிலும் பாதி சாய்த்தால் கிட்டத்தட்ட அதுதான். அப்பா சாயங்காலம் வாசலில் குந்திப் பால் வெட்டும் கத்தியைத் தீட்டும்போது கல்லைப் பார்க்கவே மாட்டார், சத்தத்தைத்தான் கேட்பார். கோணம் மாறினால் சத்தம் மாறும், நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் மூட்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகிவிடும். தோல் உறையில் போட்டும் வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்கு உறைக்குள்ளேயே துரு வந்துவிடும்.

இன்னொன்று, வேலை முடிந்த சந்தோஷத்தில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பசாருக்குக் கிளம்பிவிடாதீர்கள். பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதற்கு இங்கே 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 'தாத்தா கத்தி சார்' என்றால் போலீஸ்காரர் சிரிப்பாரா என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. என்னுடையது அடுப்படி டிராயரில் கிடக்கிறது, முனை ஒரு அங்குலம் குறைந்துபோய். தேங்காய் மட்டையில் நார் கிழிக்க மட்டும் எடுப்பேன்.