பூனை, பில்லி, பெக்கு

கேள்வி: தேர்ந்த ஆசிரியர்கள் நடத்தும் பாடங்களைக் கைபேசியிலேயே கேட்க முடிகிற காலத்தில், மலைக் கிராமங்களில் சில பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்துவது வீண் செலவு அல்லவா?
(வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: உங்கள் கேள்வியில் ஆசிரியர் இருக்கிறார், கைபேசி இருக்கிறது, செலவுக் கணக்கும் இருக்கிறது, பிள்ளைகள் மட்டும் வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ்வழி வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளை உங்கள் பகுதியிலேயே பார்த்திருப்பீர்கள். முதல் வகுப்பில் பூனைப் படத்தைக் காட்டினால் ஒரு பிள்ளை ‘பில்லி’ என்கிறது, பக்கத்துப் பிள்ளை ‘பெக்கு’ என்கிறது. ஆசிரியர் இரண்டையும் ஒப்புக்கொண்டு, இருவரையும் மெல்லப் ‘பூனை’க்கு அழைத்து வருகிறார். திரைக்குள் இருப்பவர் எத்தனை தேர்ந்தவரானாலும், அந்த இரண்டு பதில்களும் அவர் காதில் விழப்போவதில்லை.

நீங்கள் சொல்லும் ஏற்பாட்டை நாம் பரீட்சித்தும் பார்த்தாயிற்று. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில், 2019இலேயே தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி இருந்தது, பாடநூல்களில் கியூஆர் குறியீடும் இருந்தது. இருந்தும், விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, மாலை வேளைகளில் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்களை அரசு தேட வேண்டியிருந்தது.

இணையவழிப் பாடத்தை நான் இகழவில்லை. ஓசூரில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே தொலைநிலைப் படிப்பு படிக்கும் இளைஞருக்கு அது பெரிய உதவி. பார்வையற்ற மாணவர் ஒரு விளக்கத்தை நான்கு முறை ஓட்டிக் கேட்கலாம். வகுப்பில் நான்காம் முறை கேட்கும் துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது? ஆனால் அதே காணொலியில் எழுத்துவரி இல்லையென்றால், செவித்திறன் குறைந்த மாணவருக்கு அது வெறும் வாயசைப்பு. ஒரே கருவி ஒருவருக்குக் கதவாகவும் இன்னொருவருக்குச் சுவராகவும் இருக்கையில், அதைக் காட்டிப் பள்ளியை மூடச் சொல்வது என்ன கணக்கு?

செலவைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பாடத்தோடு மதியச் சாப்பாடும் முட்டையும் கிடைக்கின்றன. கைபேசிக்கோ வீட்டார்தான் ரீசார்ஜ் போட வேண்டும். அந்தக் கைபேசியும் பகல் பத்து மணிக்கு எங்கே இருக்கிறது என்று அஞ்செட்டிப் பக்கம் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். ஒரே கைபேசி உள்ள வீடுகளில் அது அப்பாவின் சட்டைப் பையில் ஏறி, ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போயிருக்கும்.