ஓர்காவை எவ்வளவு கிட்டத்தில் பார்க்கலாம்?

கேள்வி: செப்டம்பரில் சியாட்டில் போகிறோம். அங்கே சான் ஹுவான் தீவுகள் பக்கம் படகில் போய் ஓர்கா பார்க்க என் மகளுக்கு அவ்வளவு ஆசை. கட்டாயம் கண்ணில் படுமா? கிட்டத்தில் கொண்டுபோய்க் காட்டுவார்களா? ஆளைத் தாக்கிவிடுமோ என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

பதில்: பயத்தை முதலில் விடுங்கள். கடலில் சுதந்திரமாகத் திரியும் ஓர்கா ஒரு மனிதரைக் கொன்றதாக இதுவரை பதிவே இல்லை. 'கொலையாளித் திமிங்கிலம்' என்று சொல்கிறோமே தவிர, அது டால்பின் குடும்பத்தில் மிகப் பெரியது.

கண்ணில் படுமா என்றால், காட்டு விலங்கு, சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் போவது நல்ல மாதம்தான். அங்கே இரண்டு வகை உண்டு. சீல், கடற்சிங்கம் என்று பாலூட்டிகளை வேட்டையாடுவது ஒன்று, படகுக்காரர்கள் பெரும்பாலும் காட்டுவது இதைத்தான். இன்னொன்று மீன் மட்டும் தின்னும் தெற்குக் கூட்டம், மொத்தமே 80-க்கும் குறைவு. 2018-ல் செத்த குட்டியை விட மனசில்லாமல் 17 நாள் சுமந்தபடி நீந்திய தாய் ஓர்கா இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இவை பெரும்பாலும் நம்பியிருக்கும் சினூக் சால்மன் மீனே குறைந்துவிட்டது, இருக்கிற மீனையும் ஒலி எழுப்பி அதன் எதிரொலியைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும், நடுவில் இன்ஜின் இரைந்தால் எதிரொலி எப்படிக் கேட்கும்? அதனால்தான் சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் 2025 ஜனவரியிலிருந்து இந்தக் கூட்டத்தை 1,000 கஜத்துக்குள், அதாவது சுமார் 900 மீட்டருக்குள், படகுகள் நெருங்கக் கூடாது என்று சட்டம். 'இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க' என்று கேப்டனை தயவுசெய்து நச்சரிக்காதீர்கள்.

தூரம் என்று மகள் ஏமாற வேண்டாம். ஆண் ஓர்காவின் முதுகுத் துடுப்பு மட்டும் 6 அடி வரை வளரும், ஆள் உயரம்! நல்ல பைனாகுலர் ஒன்று போதும். துடுப்புக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி, அதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஆள் அடையாளம் சொல்கிறார்கள். இன்ஜினை நிறுத்தியதும் பேச்சையும் நிறுத்தச் சொல்லுங்கள். 'புஸ்' என்று மூச்சு விடும் சத்தம் தண்ணீர் மேல் அவ்வளவு தூரம் கேட்கும்.

அப்புறம், வெயில் அடித்தாலும் நடுக்கடல் காற்று குளிரும், ஜாக்கெட் அவசியம். வயிற்றைப் புரட்டும் என்றால் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஓர்கா வராத நாளிலும் கூன்முதுகுத் திமிங்கிலமோ, பாறையில் குவிந்து கிடக்கும் கடற்சிங்கங்களோ கண்ணில் படலாம்.

படகே ஒத்துவராது என்றால் சான் ஹுவான் தீவின் மேற்குக் கரையில் லைம் கில்ன் பூங்கா இருக்கிறது. பாறையில் உட்கார்ந்து காத்திருங்கள், சில நாள் ஓர்கா கரையை ஒட்டியே கடந்து போகும்.