பாப்பாவின் கால் எங்கே இருந்தது?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஆறு மாதமாக அவன் அப்பாவின் குவாட் பைக்கை (மண்பாதையில் ஓட்டும் நான்கு சக்கர மோட்டார் வண்டி) எடுத்துக்கொண்டு மண்பாதை, மேடு, பள்ளம் என்று சுற்றுகிறான். ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், போடுகிறான் என்றுதான் நினைக்கிறேன். தடுத்தால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் கணவரோ, "இந்த வயசுல ஓட்டாம எப்ப ஓட்டுவான்?" என்கிறார். தனியாகப் போனால் பறப்பான் என்று 9 வயதுப் பாப்பாவைப் பின்னால் உட்கார வைத்து அனுப்புகிறேன். அவள் இருந்தால் கொஞ்சம் அடங்கி ஓட்டுவான். போன வாரம் சைலன்சர் பட்டு அவள் கெண்டைக்காலில் லேசாகச் சுட்டுவிட்டது, மற்றபடி ஒன்றுமில்லை. ராத்திரி தூக்கமே வருவதில்லை. நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பயம் அளவு மீறவில்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பயந்துகொண்டிருக்கிறீர்கள்.

பையன் வண்டி ஓட்டுகிறான், எனக்குத் தூக்கம் போச்சு என்று வரும் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எல்லாம் ஏறக்குறைய ஒரே கடிதம்தான். உங்களுடையதில் கூடுதலாக இன்னொரு பிள்ளை இருக்கிறாள். மகனுக்காக ஒரு முழுக் கடிதம் எழுதிய நீங்கள் மகளை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள், அதிலும் "மற்றபடி ஒன்றுமில்லை" என்று ஒரு முற்றுப்புள்ளி வேறு. அந்த இரண்டு வரியை விட்டு நான் நகரப்போவதில்லை.

ஒரு கேள்வி. சூடு பட்டபோது பாப்பா காலை எங்கே வைத்திருந்தாள்? வண்டி நிற்கும்போது போய்ப் பாருங்கள். ஓட்டுபவனுக்குக் கால் வைக்க இரண்டு பக்கமும் இடம் இருக்கும். பின்னால் உட்காருபவளுக்கு எதுவும் இருக்காது. மட்கார்டு, புகைக்குழாய், சுழலும் பின்சக்கரம், இவைதான் அவள் காலுக்கு அக்கம்பக்கம். கால் தொங்குகிறது. குலுங்கும்போது குழாயில் படுகிறது. இன்னும் கொஞ்சம் பின்னால் நழுவினால் சக்கரம் காலைப் பிடித்து உள்ளே இழுக்கும். அவளுக்குக் கால் வைக்க இடமே இல்லை என்பதைத்தான் அந்தச் சூடு உங்களுக்குச் சொன்னது. நீங்கள் மருந்து தடவிவிட்டு, அடுத்த தடவையும் அனுப்பத் தயாராக இருக்கிறீர்கள்.

இவ்வளவு நீளமான சீட் பிறகு எதற்கு என்று கேட்பீர்கள். ஓட்டுபவன் ஒருவனுக்காகத்தான். குவாட் பைக்கை ஹேண்டில்பாரால் மட்டும் ஓட்ட முடியாது, உடம்பாலும் ஓட்ட வேண்டும். மேடு ஏறும்போது முன்னால் நகர்ந்து குனிய வேண்டும், இறங்கும்போது பின்னால் தள்ளி உட்கார வேண்டும், திரும்பும்போது திரும்புகிற பக்கம் சாய வேண்டும். பல குவாட்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்து ஒரே வேகத்தில் சுற்றும். உடம்பைச் சாய்த்து எடையை மாற்றாவிட்டால் வண்டி திரும்பாமல் நேரே போகும், இல்லையென்றால் குடைசாயும். ஓட்டுபவன் இப்படி முன்னும் பின்னும் நகர்வதற்கென்று விட்ட இடத்தில்தான் பாப்பாவை உட்கார வைத்திருக்கிறீர்கள். அவன் மேட்டில் முன்னால் குனியும்போது அவள் பயந்துபோய் அவன் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுப்பாள். அவள் எடை முழுவதும் பின் அச்சின் மேல் இறங்க, முன்சக்கரம் இலேசாகி மண்ணை விட்டு எழும்பும். வண்டி பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டால் முதலில் கீழே விழுவது அவள், அவள் மேல் அண்ணன், அவன் மேல் வண்டி. பெரியவர்கள் ஓட்டும் குவாட் என்றால் எடை 200 கிலோவுக்கு மேல், பெரிய மாடல்கள் 300 கிலோவையும் தாண்டும்.

"அவள் இருந்தால் மெதுவாகத்தானே போகிறான்?" என்பீர்கள். உங்கள் கணக்கு தப்புவதே இங்கேதான். குவாட் கவிழ வேகம் தேவையில்லை. சரிவில் குறுக்காக நடை வேகத்தில் போனாலே பக்கவாட்டில் உருளும். மேட்டில் மெதுவாக ஏறுவது இன்னும் மோசம். பாதி மேட்டில் வேகம் செத்து எஞ்சின் நின்றுவிடும், வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும். அந்த நொடியில் பயந்துபோய்ப் பின்பிரேக்கை மட்டும் சடாரென்று அமுக்கினால் வண்டி அப்படியே பின்னால் புரளும். எடையை மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, முன்பிரேக்கைப் பிடித்து, நின்ற பிறகு பார்க்கிங் பிரேக் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்க வேண்டும். பின்னால் தங்கையை வைத்துக்கொண்டு 14 வயதுப் பையன் இதையெல்லாம் செய்வானா? வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டவருக்கு எலும்பு முறிவைவிடப் பெரிய ஆபத்து நெஞ்சில் அழுத்தும் எடை. மூச்சு முட்டினால் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் அங்கே இருக்கப்போவது இரண்டு குழந்தைகள். வண்டியைத் தூக்க ஆளில்லை.

இனி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தங்கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அண்ணனிடம் சொல்வது நல்ல வளர்ப்பு. அண்ணனை அடக்கத் தங்கையை ஏற்றிவிடுவது பெற்றவர்கள் செய்கிற வேலையா? "மெதுவாகப் போ", "இன்றைக்கு வண்டி கிடையாது" என்று நீங்களும் உங்கள் கணவரும் சொல்ல வேண்டியதை, அவன் முகம் தூக்கிவிடுவானே என்று பயந்து, 9 வயதுக் குழந்தையின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். இரண்டு நாள் அவன் பேசாவிட்டால்தான் என்ன? வயதுக்கு வந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதெல்லாம் வழக்கமான வானிலை.

முதல் காரியம், பாப்பா இனி அந்த வண்டியில் ஏறக் கூடாது. முற்றத்தைச் சுற்றி ஒரு ரவுண்டுகூட வேண்டாம். இருவர் உட்கார என்றே தயாரான குவாட்கள் உண்டு. அவற்றில் அச்சுகளுக்கு இடையே நீளம் அதிகம், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் தனியாக இருக்கும். ஆனால் அவையும் 14 வயதுப் பையன் 9 வயதுக் குழந்தையை ஏற்றிக்கொண்டு போவதற்கானவை இல்லை. கடைக்காரர் எப்படிப் பேசினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அடுத்து, வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரியவர்களுக்கான வண்டியாக இருந்தால், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓட்டக் கூடாது, இன்னொருவரை ஏற்றக் கூடாது, தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது என்று அதிலேயே இருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் இன்னும் கறாராக, 16 வயது ஆகும்வரை எந்த ஏடிவியையும் (குவாட் பைக்குக்கு இன்னொரு பெயர்) ஓட்டவே வேண்டாம் என்கிறது. என் கட்சியும் அதுதான். உங்கள் வீட்டில் அது நடக்காது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. சரி, ஓட்டித்தான் ஆவான் என்றால் அவன் வயதுக்கென்று தயாரித்த சிறிய வண்டிதான், அப்பாவின் வண்டி கிடையாது. ஆக்சிலரேட்டர் பக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ உள்ள மாடலாகப் பாருங்கள். அதைத் திருகும் உரிமை பெரியவர்களுக்கு மட்டும்.

அளவு சரியா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. கால் வைக்கும் இடத்தில் அவனை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். சீட்டுக்கும் அவன் கவட்டுக்கும் நடுவே 7 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். உட்கார்ந்தால் தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஹேண்டில்பாரை முழுக்க ஒரு பக்கம் திருப்பினாலும், உடம்பை எக்காமல் இரண்டு கைகளும் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் வண்டி அவனுக்குப் பெரியது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சட்டையில் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஹெல்மெட்டை "போடுகிறான் என்றுதான் நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நினைக்க வேண்டாம், பாருங்கள். தாடையையும் மூடுகிற முழு ஹெல்மெட், கண்ணுக்குக் காகிள்ஸ். வாரைப் பூட்டிய பிறகு பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்குங்கள், கழன்று வரக் கூடாது. பக்கவாட்டில் அசைத்தால் நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உதவாது, மாற்றிவிடுங்கள். கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், கையுறை, முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை. ஆமாம், வெயிலிலும்தான்.

வண்டி கிளம்புமுன் அப்பாவும் மகனும் ஐந்து நிமிடம் குனிந்து பார்க்கட்டும். குவாட் டயருக்குக் காற்று மிகக் குறைவு, பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான். கார் டயர் அளக்கும் கேஜில் அது சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் தனியாக வேண்டும். இடது வலது டயர்களில் காற்று வேறுபட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங்கையும் நட்டையும் கவனிக்க வேண்டும். ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும், ஆக்சிலரேட்டரை விட்டதும் அது துள்ளித் திரும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்பினால் அன்றைக்கு வண்டி வெளியே போகாது. எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட வேண்டும்.

தனியாகப் போகக் கூடாது என்ற உங்கள் எண்ணம் சரியானது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆனால் துணை என்றால் கூடப் போகிற பெரியவர், அவரும் தன் வண்டியில். அல்லது தூக்கவும் ஆள் கூப்பிடவும் முடிகிற ஒரு பெரியவர் பார்வையில் படுகிற வெளி. "இந்த வயசுல ஓட்டாம எப்ப?" என்று கேட்டவருக்குத்தான் இந்த வேலை. ஓட்டலாம் என்று சொல்பவர் கூட நிற்க வேண்டும். நிற்க நேரமில்லாத நாளில் சாவி வெளியே வராது. சாவி இப்போது எங்கே தொங்குகிறது? அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

மகனிடம் பேசும்போது, "பாப்பாவை உன் பின்னால் ஏற்றியது என் தப்பு" என்று ஆரம்பியுங்கள். அவனைத் திட்டிக்கொண்டு ஆரம்பித்தால் அவன் காது மூடிக்கொள்ளும். ஆறு மாதமாகத் தங்கையின் உயிரையும் சேர்த்துச் சுமந்து ஓட்டியிருக்கிறான், அது அவனுக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும். பாப்பா அழுவாள், சவாரி போச்சே என்று. அழட்டும்.

அவள் கெண்டைக்காலில் கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். சுற்றிச் சிவந்து பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இன்று ராத்திரி மருந்து போடும்போது அவளிடமே கேளுங்கள், "வண்டியில போறப்ப காலை எங்கடி வச்சுக்குவ?" என்று. அவள் செய்து காட்டும்போது அவள் அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும்.